எவ்வளவு கொடுக்குது?

எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் முதல் கேள்வி இதுதான். என் எலக்ட்ரிக் காரின் பச்சை நம்பர் பிளேட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை, அப்புறம் "எவ்வளவு கொடுக்குது சார்?" பெட்ரோல் வண்டிக்காரரிடம் கேட்டால் லிட்டருக்கு என்று அர்த்தம். என்னிடம் கேட்டால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் என்று அர்த்தம். சமயபுரம் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கவில்லை என்று கையில் மெஷினோடு ஓடிவந்த பையன் கேட்டான். சித்தப்பா இறந்த வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், மூங்கிலைக் கையில் பிடித்தபடியே கேட்டார். மூன்று வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியமும் வந்துவிட்டது. அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது உறுத்துகிறது.

2022 கடைசியில் வாங்கிய வண்டி. 40.5 யூனிட் பிடிக்கும் பேட்டரி. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு உடனே அந்தக் கம்பெனி உசத்தியா இந்தக் கம்பெனி உசத்தியா என்று திரும்பிவிடும். நான் பேச வந்தது வேறு. காகிதத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலையில் ஏசி போட்டு 90ல் போனால் 270, 280 வரும். திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் 300க்குக் கொஞ்சம் மேல். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு 40 நிமிடம் நிறுத்தினால் தாராளமாகப் போய்ச் சேரலாம். அந்த 40 நிமிடத்தில்தான் பாதிப் பேர் வந்து கேட்பார்கள். வேறு வேலையும் கிடையாது, நானும் பேசுவேன். என் மனைவி இதற்குப் பிரசங்கம் என்று பெயர் வைத்துவிட்டாள். "ஆரம்பிச்சாச்சா? சரி, நான் போய் ரெண்டு நெய் ரோஸ்ட் சொல்றேன்" என்று நகர்ந்துவிடுவாள்.

பிரசங்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது. பேட்டரிக்கு 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. மழையில் ஷாக் அடிக்குமா என்று கேட்டால் ஐபி67 என்று ஆரம்பித்து, பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே சொட்டு இறங்காது என்று முடிப்பேன். கடைசியாகக் கொல்லிமலைக் கதை. 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காட்டிலிருந்து இறங்க ஆரம்பிக்கும்போது 48 சதவீதம் சார்ஜ், காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து பார்த்தால் 51. இறக்கத்தில் சக்கரமே மோட்டாரைச் சுற்றி, கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பிவிடும். இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் மாறும். மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன், டேங்கில் பெட்ரோல் கூடியிருந்தது என்று யாராவது சொன்னால் மாறாதா? ஏறும்போது 17 சதவீதத்தை அதே மலை தின்றதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்பவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள். எங்கள் தெருமுனைப் பாட்டி, "சத்தமே இல்லாம வர்றியேப்பா, ஆள் தெரியாம இடிச்சுப்புட்டா?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் தெரு நாய்களுக்கும் அதே குழப்பம். பெட்ரோல் வண்டி வந்தால் இருபதடி முன்னாலேயே எழுந்து நகரும் நாய், என் வண்டிக்கு முன்னால் அசையாமல் கிடக்கும். ஹாரன் அடித்தால், எங்கிருந்து வந்தது இது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

அப்புறம் என் மாமியார். 2023 பொங்கலுக்கு ஆலங்குடிப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். திரும்பி வரச் சார்ஜ் இருந்தது, ஆனாலும் முதல் தடவை என்பதால் எனக்குப் பயம். மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் இருந்த 15 ஆம்ப் பிளக்கில் சொருகினேன். பச்சை விளக்கு வரவேண்டிய இடத்தில் சிவப்பு. எடுத்துச் சொருகினேன், மறுபடி சிவப்பு. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் அப்படித்தான் உட்கார்ந்துவிடும், ஒரு யூனிட்கூட உள்ளே விடாது. நான் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்தார். "எர்த்து குழி காஞ்சு கிடக்குதுங்க மாப்ள. கரியும் உப்பும் போட்டு எத்தனை வருசமாச்சு" என்று சொல்லிக்கொண்டே போய், துளசி மாடத்துக்குப் பின்னால் இருந்த குழியில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினார். மண் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொருகினேன். பச்சை. "அவ்வளவுதான?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இந்தக் கதையையும் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டேன். சிரிப்பதற்காக.

பாய் பானெட்டைத் திறந்தார்

பாலக்கரையில் ஒரு மெக்கானிக் பாய். என் பழைய பெட்ரோல் காரை 12 வருடம் பார்த்தவர். எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வால்வ் என்று சொல்லக்கூடியவர். புது வண்டியை அவரிடம் காட்டாமல் இருந்தால் துரோகம்போல் இருக்கும் என்று, வாங்கிய வாரமே எடுத்துப் போனேன். தோளில் கிடந்த துணியில் கையைத் துடைத்துவிட்டு, "தொறங்க தம்பி, பாப்போம்" என்றார். குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய வலது கை தானாகவே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் இருக்கும் பக்கம் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், பானெட் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில், வைப்பர் தண்ணீர் எல்லாம் அடையாளம் தெரிந்தது. மூலையில் சின்னதாக 12 வோல்ட் பேட்டரி. "இது என்னா தம்பி, பேட்டரி வண்டிக்குள்ள ஒரு பேட்டரி?" லைட், லாக், கம்ப்யூட்டர் எல்லாம் முழித்துக்கொள்வதற்கு இது வேண்டும், பெரிய பேட்டரி கீழே தரையில் இருக்கிறது என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிளட்ச் பிளேட் கிடையாது பாய், டைமிங் பெல்ட் கிடையாது, ஸ்பார்க் பிளக், ஃபில்டர், சைலன்சர் ஒண்ணும் கிடையாது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பானெட்டை மெதுவாக மூடினார்.

"அப்ப எங்களுக்கு என்னா தம்பி வேலை?"

"அதான் பாய் சொல்றேன், வேலையே கிடையாது!" என்றேன். பெருமையாக வேறு.

ரிவர்ஸ் எடுத்து மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. வலது முன் சக்கரத்தில் மேடு பள்ளத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வந்தபோது வேறு வழியில்லாமல் போனேன். கீழே படுத்துப் பார்த்தவர் லோயர் ஆர்ம் புஷ் என்றார். மாற்றிக் கொடுத்தார். காசு வாங்கும்போது சிரித்தார். "வெயிட்டு ஜாஸ்தி தம்பி இது. டயரும் புஷ்ஷும் நம்மகிட்டதான் வந்தாகணும்." எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் புஷ்ஷை வைத்து எத்தனை பேர் பிழைக்க முடியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் காலண்டர் தாள்

உறையூரில் இருக்கும் பெரியப்பா ஈ.பி.யில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று இன்று வரை கேட்காத ஒரே ஆள்.

"கரண்ட் எங்கேருந்து வருது?"

"வீட்டு பிளக்குலேருந்துதான் பெரியப்பா."

"பிளக்குக்கு?"

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கறுப்பு நிலக்கரி. உன் வீட்டு வாசலில் வரவேண்டிய புகையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாய், அவ்வளவுதானே என்பார். வாட்ஸ்அப்பில் இதே கேள்வி வந்தால் நான் சீறுவேன். பெரியப்பாவிடம் சீற முடியாது, அவர் கம்பத்தில் ஏறியவர். நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு கணக்கு எழுதினார். இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. பிளக்கிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு என் வண்டி ஆறேகால் கிலோமீட்டர் போகிறது. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடுவதையும் சேர்த்து. அப்படியானால் கிலோமீட்டருக்கு 110 கிராம் சொச்சம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 150 கிராம் சொச்சம். "கால் பங்கு குறைச்சல். பேட்டரி செஞ்ச கணக்கு தனி. நல்லதுதான். ஆனா நீ பேசுற பேச்சுக்கு இது காணாதே" என்றார்.

நான் காற்றாலை, சோலார் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எத்தனை மணிக்கு சார்ஜ் போடுற? ராத்திரி பதினொண்ணு. அப்ப சோலார் தூங்குது. ஆடி மாசம் ராத்திரி போட்டேன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். ஆரல்வாய்மொழிக் காத்து ஓட்டுது. மார்கழியில ராத்திரி போட்டா அது நெய்வேலிதான்." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் போடுகிறேன். மற்ற நாளில் வண்டி ஆபீஸில் நிற்கிறது, என்ன செய்ய?

அதோடு விட்டாரா? பில்லைக் கொண்டு வா என்றார். வண்டி வருவதற்கு முன் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட், 1,100 ரூபாய் பக்கம். வண்டி வந்த பிறகு 860 யூனிட். 500ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் மீட்டர் வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் 5,500 ரூபாய். கூடுதல் 4,400. அந்த இரண்டு மாதத்தில் ஓட்டியது 3,000 கிலோமீட்டர். பெரியப்பா வகுத்துக் காட்டினார்: ஒரு ரூபாய் 47 காசு. "ஒரு ரூபா ஒரு ரூபான்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியே." பெட்ரோலுக்கு இதே தூரத்துக்கு 20,000 ஆகியிருக்கும் என்றேன். "அதைச் சொல்லு. அதுவே போதுமே. எதுக்கு ஒரு ரூபா?"

எதற்கு ஒரு ரூபாய் என்று அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றரை ரூபாய் என்பதைவிட ஒரு ரூபாய் என்றால் கேட்பவர் புருவம் இன்னும் கொஞ்சம் மேலே போகும். அதற்காகத்தான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே விக்கிரவாண்டியில் ஒருவரிடம் ஒரு ரூபாய் என்றேன்.

பந்தியில்

என் மனைவியின் தம்பிக்கு மேடவாக்கத்தில் ஃப்ளாட். 48 வீடு, அவன் நாலாவது மாடி. 2024 ஆரம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். கொல்லிமலை, ஒரு ரூபாய், மாமியாரின் எர்த் குழி, எல்லாம். அவன் நடுவில் ஒரே ஒரு தடவை, "எங்க ஃப்ளாட்ல பார்க்கிங்ல பாயின்ட் கிடையாது மாமா" என்றான். "அதெல்லாம் அசோசியேஷன்ல பேசினா போட்டுக் குடுத்துடுவாங்கடா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். இரண்டு மாதத்தில் 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன வண்டி ஒன்றை எடுத்துவிட்டான். போட்டோ அனுப்பினான். நான் அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, இன்னொரு ஆளை இழுத்துவிட்டேன் என்று எழுதினேன்.

அந்த வருடக் கடைசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அவன் ரயிலில் வந்திருந்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "ஏன்டா, வண்டிய எடுத்துட்டு வரலையா?" என்றேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவன் பேசாமல் இருந்தான். ரசம் வந்த பிறகுதான் சொன்னான். அசோசியேஷன் ஒப்புக்கொள்ளவில்லை. செவ்வாயும் சனியும் ராத்திரி பத்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓ.எம்.ஆரில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போகிறான். அங்கே வண்டியில் சொருகும் சார்ஜிங் கன் இரண்டு இருக்கிறது, பெரும்பாலும் ஒன்று வேலை செய்யாது. முன்னால் ஒரு டாக்ஸி நின்றால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீடு திரும்பப் பன்னிரண்டரை. யூனிட் 20 ரூபாய்க்கு மேல், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கிலோமீட்டருக்கு மூன்றரையிலிருந்து நாலு ரூபாய் ஆகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி வண்டியில் 9 சதவீதம் இருந்ததாம், ஆட்டோவில் போனார்கள்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா" என்றேன். போன் பண்ணியிருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன்?

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க சொன்னது ஒண்ணும் பொய் இல்ல மாமா. ஆனா அதெல்லாம் உங்க வீட்டுக்குத்தான் உண்மை."

கோபமாகச் சொல்லவில்லை. பாயசம் வந்தது, வாங்கிக்கொண்டான், என் இலையிலும் ஊற்றச் சொன்னான். பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் இலையை மூடும்போது எந்தப் பக்கம் மூட வேண்டும் என்பதையே மறந்து நின்றேன்.

திருச்சிக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வந்தேன். மூன்று வருடமாக என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டார்கள், நானும் வண்டியைப் பற்றிச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னதெல்லாம் என் போர்ட்டிகோவைப் பற்றி. சுவரில் நானே பதிக்கச் சொன்ன பிளக், என் பெயரில் உள்ள மீட்டர், யாரையும் கேட்காமல் ராத்திரி சொருகிவிட்டுப் போய்ப் படுக்கக்கூடிய இடம். ஆலங்குடிக் கதையில் மாமியார் இரண்டு குடம் ஊற்றினார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வேனே, ஊற்றுவதற்கு அங்கே அவர்களுக்கென்று ஒரு குழி இருந்தது. நாலாவது மாடியில் இருப்பவன் எங்கே போய் ஊற்றுவான்? எங்கள் தெருவிலேயே வாடகை போர்ஷனில் இருக்கும் யாராவது கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதே ஒரு ரூபாய்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் பிடிபட்டது, அது இன்னும் கூச்சமானது. சந்தேகமாகக் கேட்பவர்களிடம் எனக்கு ஏன் அவ்வளவு சூடு வரும்? 'பேட்டரி போச்சுன்னா வண்டிய குப்பையில போட வேண்டியதுதான்' என்று முகம் தெரியாத ஒருவர் சொன்னால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பெட்ரோல் மாடலைவிட நாலஞ்சு லட்சம் கூடக் கொடுத்து வாங்கியவன் நான். அப்பா இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். ஒவ்வொருவரையும் மடக்கிப் பேசி, நான் ஏமாறவில்லை என்பதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மச்சினன் போட்டது அதில் பெரிய கையெழுத்து.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு கூட்டம்

பிராயச்சித்தம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் அசோசியேஷன் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கில் கார்களை நகர்த்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மச்சினன் ஒரு காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான்: 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. செக்ரட்டரி அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பேப்பரில் இருக்கலாம் சார், இங்கே ஒயர் எந்த வழியாக வரும் என்று கேட்டார்.

முதல் மாடியிலிருந்து ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். "அந்த வண்டி நிக்கிற இடம் எங்க பெட்ரூமுக்கு நேர் கீழ. எங்க மாமியார் எந்திரிச்சு நடக்க மாட்டாங்க. வேலூர்ல ஸ்கூட்டர் எரிஞ்சு அப்பாவும் பொண்ணும் போனாங்களே, அது ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்குனப்பதான?" 2022 மார்ச்சில் நடந்தது அது. எனக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. அது ஸ்கூட்டர், இது கார்; இதில் இருப்பது எல்.எஃப்.பி. பேட்டரி, அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காத வகை. பெட்ரோல் காரும்தான் எரிகிறது. எல்லாம் உண்மைதான். வாயைத் திறந்தேன், பந்தியில் கேட்டது ஞாபகம் வந்தது. எல்லாம் உண்மை, யார் வீட்டுக்கு? படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில், தரைக்குக் கீழே வண்டி நிற்கும்போது, பேட்டரி எந்த வகை என்று கேட்டுக்கொண்டு யார் தூங்குவார்கள்? "எங்க நிறுத்தினா உங்களுக்குச் சரியாப் படும்மா?" என்று கேட்டேன். பிரசங்கம் தொடங்கிய நாளிலிருந்து நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அவர் யோசித்தார். கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்ட் சுவரோரம், பாதாம் மரத்தடியில் விசிட்டர் பார்க்கிங் இருக்கிறதே, அங்கே என்றார். அதற்குள் பின்வரிசையில் ஒரு பெரியவர், "பீச்சுலேருந்து தாம்பரத்துக்கு 1931லேருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடுது. மழையில நனைஞ்சுகிட்டே ஓடுது. யாராச்சும் ஷாக் அடிச்சுச் செத்தாங்களா?" என்று ஆரம்பித்தார். தண்டவாளத்தைத் தாண்டிச் செத்தவர்கள்தான் அதிகம் என்று இன்னொருவர் சொல்ல, கூட்டம் கொஞ்ச நேரம் ரயில்வே பக்கம் போய்விட்டுத் திரும்பியது. வெளியே என்றால் மழை படுமே என்று செக்ரட்டரி கேட்டார். மூடி போட்ட பிளக், கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி. ஸ்விட்ச், தனி சப் மீட்டர், புதிதாக ஒரு எர்த் குழி, செலவு முழுவதும் என் மச்சினனுடையது என்று முடிவாயிற்று. முடிவாகி பிளக் வருவதற்கு நாலு மாதம். முப்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் யாராவது ஒரு விருந்தாளி அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே போய்விடுகிறார். அவன் வீடு வீடாக பெல் அடித்துக் கேட்கிறான். மாதத்தில் ஓரிரு தடவை ஓ.எம்.ஆர். போகத்தான் வேண்டியிருக்கிறது. பாதாம் இலை விழுந்து வண்டியெல்லாம் கறை. ஆனால் எர்த் குழியில் அவன் மகள் தண்ணீர் ஊற்றும் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். மாமியார் அதை நாலு தடவை போட்டுப் பார்த்தார்.

இப்போது கேட்டால் என் பதில் சுருங்கிவிட்டது. வீடு சொந்தமா, வண்டி நிற்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா, தினம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று நான் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். சிலருக்கு எரிச்சல். வண்டியைப் பற்றிக் கேட்டால் இவன் என் வீட்டைப் பற்றி விசாரிக்கிறானே என்று ஒருவர் பாதியிலேயே போய்விட்டார். கால் டாக்ஸி ஓட்டும் ஒருவர், தினம் 250 ஓட வேண்டும், மேன்ஷனில் தங்கியிருக்கிறேன் என்றபோது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். மனைவி கையில் காபி டம்ளரோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ரோஸ்ட் மட்டும் ஆறிப்போகாமல் சாப்பிட்டோம்.

போன மாதம் விக்கிரவாண்டியில் வண்டி 60 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு பேனா, உளுந்தூர்பேட்டைக்கு உள்ளே ஏதோ கிராமம். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து கன் சொருகியிருக்கும் இடத்தைப் பார்த்தார். அப்புறம் வழக்கமான கேள்வி.

"சொல்றேங்க. வீடு சொந்த வீடுங்களா? வண்டி நிறுத்துற இடத்துல கரண்ட் இருக்குங்களா?"

"தோட்டத்து வீடுங்க. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துலதான் வண்டி நிக்கும். த்ரீ ஃபேஸ் லைன்."

இதைவிடத் தோதான ஆள் மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷமாக வாயைத் திறந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மோட்டாருக்கு ஃப்ரீ கரண்ட்தான் வருது. அதுலயே போட்டுக்கலாமில்ல?"

இது விவரம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லி, பெரியப்பாவின் நம்பரைக் கொடுத்தேன்.